மாணவர்களைச் சமூக மாற்றத்துக்குத் தலைமை ஏற்கப் பல்கலைக்கழகம் எப்படித் தயார்படுத்தலாம்?

முதலில் காதுகொடுத்துக் கேட்கப் பழக்க வேண்டும். மேடைப்பேச்சுப் பயிற்சியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வட சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1918-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்குத் தலைமை ஏற்ற பி.பி.வாடியா, திரு.வி.க. பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பின்னி துணி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளை முதலில் உட்கார்ந்து கேட்டவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள். அவர்கள்தான் வாடியாவைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள்.

இன்றும் அப்படிக் கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு, அதே வட சென்னையில், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. படகு, வலை, அலையாத்தி மரங்களின் அடித்தண்டு என்று எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பியிருந்தது. வேதியியல் மாணவர் அந்தத் தண்ணீரைச் சோதிக்கலாம், பொருளியல் மாணவர் மீனவரின் வருமான இழப்பைக் கணக்கெடுக்கலாம். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். முடிவுகளைத் தமிழில் எழுதி அந்தக் குப்பத்திலேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்; ஊரிடம் தகவல் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போவது பெரிய துரோகம்.

கூடவே தகவல் உரிமைச் சட்ட மனு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள், வராவிட்டால் மேல்முறையீடு. ஒரே ஒரு மனுவை முடிவுவரை விடாமல் துரத்திய மாணவிக்கு அரசு அலுவலகத்தைக் கண்டு பயம் இருக்காது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏற்கெனவே ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை இருக்கிறது. அதை ஒரே தெருவில், ஒரே பிரச்சினையில் செலவிடட்டும்.