பிரஷைக் கண்டாலே உறுமும் நாய்க்குப் பல் துலக்குவது எப்படி?

வணக்கம். உங்கள் நாலு வயது நாய் பிரஷைக் கண்டாலே உறுமுகிறான், கடைவாய்ப் பல்லில் பழுப்புக் கறை, சமையல் சோடா போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோடா வேண்டாங்க. அவனுக்குத் துப்பத் தெரியாது, அத்தனை உப்பும் வயிற்றுக்குள்தான் போகும். நம் பற்பசையும் கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து.

பிரஷைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஈரத்துணியை விரலில் சுற்றி, உதட்டை லேசாகத் தூக்கி, மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் ஈறோரமாகத் துடையுங்கள். அழுக்கு அதிகம் சேர்வது அங்கேதான். உட்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். முதலில் சில நொடிகள் போதும். உறுமினால் உடனே விட்டுவிடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். பழகியபின் தினமும் செய்யுங்கள். பல்லில் படியும் மெல்லிய படலம் இரண்டு மூன்று நாளிலேயே கல்லாக இறுகத் தொடங்கிவிடும்.

கெட்டி எலும்பு கொடுக்காதீர்கள், பல் பிளந்துவிடும். நகத்தால் அழுத்தினால் பதியும் அளவு மெத்தென்று இருக்கும், கடித்து மெல்லும் பொருள்தான் சரி.

ஏற்கெனவே இறுகிய பழுப்புக் கறை வீட்டில் போகாது. சுரண்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உறுமலுக்கு ஈறு வலியும் காரணமாக இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.