முடி நீக்கும் மெஷின் மாநிறத்துக்கு ஒத்துவருமா?

கேள்வி: கல்லூரிக்குப் போகும் என் மகள், வீட்டிலேயே பளிச்சென ஒளி பாய்ச்சி முடி நீக்கும் ஐ.பி.எல். மெஷின் ஒன்றை ஆன்லைனில் 9,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறாள். மாநிறம். கை, கால் தவிர, ஒரு வருஷமாகத் தாடையிலும் நாலைந்து முடி தடிப்பாக வளர்கிறது. பார்லர் செலவு மிச்சமாகும் என்கிறாள். வாங்கித் தரலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: பணம் கட்டுமுன் அந்த மெஷினின் தோல்நிற அட்டவணையைப் பாருங்கள். ஐ.பி.எல். ஒளி முடியிலுள்ள கருநிறமியைச் சூடாக்கி வேரைப் பலவீனப்படுத்துகிறது. தோலிலும் அதே நிறமிதான் இருக்கிறது. நிறம் கூடக்கூட, வேருக்குப் போகவேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும். கொப்புளம் வரும், ஆறினாலும் கரும்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். கையின் உள்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்ணுக்கு முன்கை இரண்டு படி கருத்திருக்கும். முடி எடுக்கப்போகும் இடத்தையே பகல் வெளிச்சத்தில் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அடர்மாநிறம் என்றால் வேண்டவே வேண்டாம். 'லட்சக்கணக்கான ஃபிளாஷ்' என்ற விளம்பரம் விளக்கின் ஆயுளைத்தான் சொல்கிறது. தோல் நிறத்தை அறிந்து தானே நின்றுவிடும் சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் ஒத்துவந்தால், ஒளியைக் குறைந்த அளவில் வைத்து ஓரிடத்தில் மட்டும் அடித்து 2 நாள் பொறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் ஒட்டச் சவரம் செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் கட்டைமுடி மெஷின் கண்ணாடியில் கருகி ஒட்டும். அந்தக் கரும்புள்ளி சூடேறி அடுத்த இடத்தைச் சுட்டுவிடும். வாக்ஸிங் கூடாது, வேரே போய்விட்டால் ஒளிக்கு வேலை இல்லை. பூசிய மஞ்சளைச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். மச்சம், பச்சை குத்திய இடம் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வளரும் பருவத்திலுள்ள முடிதான் அடங்கும் என்பதால் 2 வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய 6 தடவை தேவை. பிறகும் ஒன்றிரண்டு மாதத்துக்கொருமுறை தொடர வேண்டும். நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ஐப்பசியில் ஆரம்பித்தால், வேலூர் வெயில் ஏறுவதற்குள் முதல் சுற்று முடிந்துவிடும்.

தாடைக்கு இந்த மெஷின் வேண்டாம். முகத்தில் சிலருக்கு இந்த ஒளியே பூனைமுடியைத் தடிமுடியாக்கிவிடும். புதிதாகத் தாடையில் முடி வருகிறதே, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, பருக்கள் கூடியிருக்கின்றனவா? பி.சி.ஓ.எஸ். என்கிற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். முதலில் மகளிர் மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பாருங்கள். ஹார்மோன் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எழுதித் தருவார்கள். அதுவரை முக டிரிம்மர் போதும். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்பது உண்மையில்லை. வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்கு அப்படித் தெரிகிறது.

உங்கள் மகளின் கை, கால்களுக்கு நான் சொல்வது எபிலேட்டர் என்கிற முடி பிடுங்கும் மெஷின்தான். 2,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, எந்த நிறத்துக்கும் ஆகும், முடியை வேரோடு பிடுங்குவதால் 2 முதல் 4 வாரம் தாங்கும். முதல் இரண்டு தடவை நன்றாக வலிக்கும். வெந்நீரில் குளித்து, ஈரம் துடைத்து, ராத்திரியில் செய்யட்டும்; காலைக்குள் சிவப்பு அடங்கிவிடும். தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாக ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் முடி பாதியில் அறுந்து, உள்ளேயே சுருண்டு கட்டியாகும். 3 நாள் கழித்து, குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் லேசாகத் தேய்த்தால் அது குறையும்.