வாசகர் கேள்வி–பதில்: மழைக்காட்டு ஊரில் குடித்தனம்

போர்னியோ தீவில் மலேசியாவைச் சேர்ந்த சரவாக் மாநிலத்தின் உட்பகுதிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. நம்மவர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்திலும் வீட்டார் இதே கவலையைத்தான் பட்டிருப்பார்கள்.

என் மகனுக்கு ராஜாங் ஆற்றின் உள்ளே ஒரு ஊரில் வேலை. வருஷம் பூராவும் மழையாம். அப்புறம் ஏன் குடிதண்ணீரைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?
— வாசகி, காரைக்குடி

நம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை. சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கில் 4,000ஐத் தாண்டும். ஆனால் மேல்பகுதியில் மழை கொட்டிய அன்றைக்கு ஆறு பால் கலந்த டீ நிறத்தில் ஓடும். மலை ஓடையிலிருந்து குழாய் வழியாகத் தானாக இறங்கி வரும் தண்ணீரும் அன்றைக்கு நின்றுபோகும், குழாய் வாயை இலைச்சருகு அடைத்துவிடும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் தகரக் கூரையில் விழும் மழையைத்தான் நம்ப வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 400 லிட்டர். தெறித்ததும் வழிந்ததும் போக 320 தேறும். ஐந்து பேர் ஆளுக்கு 40 லிட்டர் செலவழித்தால் 1,000 லிட்டர் தொட்டி ஐந்தே நாளில் காலி. மழைக்காட்டிலும் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் மழை இல்லாமல் போவது உண்டு. கையில் காசு இருந்தால் இரண்டாவது தொட்டிக்குப் போடுங்கள், வேறு எதற்கும் வேண்டாம்.

முதலில் விழும் மழை கூரையிலுள்ள பறவை எச்சத்தையும் பல்லிக் கழிவையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தொட்டிக்குள் விடக் கூடாது. கூரைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும் வழியில், நாலு அங்குல பிவிசி குழாய் 3 மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக இறக்கி அடியில் மூடி போட்டால், சுமார் 24 லிட்டர் அதில் தங்கிவிடும். 40 சதுர மீட்டர் கூரைக்கு அது போதும். குழாய் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். மூடியில் ஊசித் துளை ஒன்று வேண்டும், அடுத்த மழைக்குள் குழாய் தானாக வடிவதற்கு. எங்கே போனாலும் கெடுவது இந்தத் துளைதான். சருகுத் தூள் அடைத்துக்கொண்டால் குழாய் நிரம்பியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போய்விடும். வாரம் ஒரு தடவை மூடியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். தொட்டியில் வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்டாவிட்டால் டெங்குக் கொசு உள்ளேயே குடும்பம் நடத்தும்.

நம் ஊரணித் தண்ணீருக்குச் செய்வது போலத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் இழைத்தால் ஆற்றுத் தண்ணீர் தெளியும். கலங்கல் போகும், கிருமி போகாது. தெளிந்ததைக் கொதிக்கவிட்டு, தளதளவென்று ஒரு நிமிஷம் பொங்கிய பிறகே இறக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரை அங்கே நம்ப முடியாது. ஒரு தடவை திறந்த பொட்டலம் அந்த ஈரக்காற்றில் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும்.

அங்கே ஊரே ஒரு நீள வீட்டில் குடியிருக்குமாமே? நம் வளவு மாதிரியா?
— வாசகர், கானாடுகாத்தான்

நல்ல ஒப்பீடு. சரவாக்கின் பழங்குடியான இபான் மக்களின் நீள வீட்டில் முன்னால் ஒரு கோடி முதல் மறு கோடி வரை ஓடும் பொதுத் தாழ்வாரத்துக்கு ருவாய் என்று பெயர். அதை ஒட்டி வரிசையாகக் குடும்பத்துக்கு ஒரு பிலிக் (குடித்தனப் பகுதி), அடுப்பும் அவரவர்க்குத் தனி. நம் வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் இரட்டை வீடு என்ற அறைகளை ஒதுக்கித் தனி உலை வைப்பதைப் போலத்தான். நாம் கோயில் வரிக்குப் புள்ளி, அதாவது கல்யாணமான குடும்பம், எண்ணுகிறோம், அவர்கள் ஊரின் அளவைக் கதவு எண்ணிச் சொல்வார்கள்: இருபது கதவு வீடு, நாற்பது கதவு வீடு என்று. பரணுக்கு சடாவ் என்று பெயர், நெல் அங்கே இருக்கும்.

மரக் கால்கள் மேல் தரையை விட்டு உயர்த்திக் கட்டுவது வெள்ளத்துக்கும் ஈரத்துக்கும் பயந்து. பெலியான் என்ற இரும்பு மரம் மண்ணில் நின்றாலும் எளிதில் உளுத்துப்போகாது. பயப்பட வேண்டியது நெருப்புக்கு. ஒரு பிலிக்கில் பிடித்தால் கூரை வழியே அடுத்தடுத்த கதவுக்கு ஓடும். ஆகவே கேஸ் அடுப்பை மூடாமல் படுக்கக் கூடாது. புதிதாகப் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியார் வரக் கூடாது என்ற விலக்கு இன்றைக்கு ஏதும் உண்டா என்று கேட்ட பிறகே உள்ளே ஏற வேண்டும். ஊர்த்தலைவரை துவாய் ரூமா என்பார்கள், முதல் வணக்கம் அவருக்கு.

வற்றல், அப்பளம், பருப்புப் பொடி கொடுத்துவிட்டால் கெடாமல் இருக்குமா?
— வாசகி, தேவகோட்டை

அப்பளத்தை மறந்துவிடுங்கள், ஆச்சி. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீர்க்கும். அங்கே விடிகாலையில் 90க்கு மேல். அப்பளத்திலும் மோர்மிளகாயிலும் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முற்றத்தில் ஒரு நாள் காயவைத்து எடுப்போம் என்றால் அந்த ஒரு நாள் வெயில் கிடைக்காது.

பொடி வகைகளைக் கால் கிலோவாகப் பிரித்து, தனித்தனிப் பையாகக் காற்றுப் புகாமல் சீல் வைத்து அனுப்புங்கள். ஒரு கிலோ டப்பா என்றால் நாள்தோறும் திறந்து மூடியே பாதி கெடும். பருப்பையும் மிளகாயையும் அங்கே வாணலியில் எண்ணெய் இல்லாமல் வாட்டி, ஆறிய பிறகு டப்பாவில் போடச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அதுவே பூசணத்துக்கு வழி. வேர்க்கடலையில் பூசணம் கண்டால் பொறுக்கி எடுத்துத் தின்ன வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும். அந்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும். தோல் பெல்ட், தோல் செருப்பு இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அவ்வளவு பச்சையான மண்ணில் ஒரு வருஷம் நெல் போட்டுவிட்டு ஏன் இடம் மாறுகிறார்கள்? சோம்பலா?
— வாசகர், புதுவயல்

இல்லை, கணக்கு. அங்கே சத்து மரத்தில் நிற்கிறது, மண்ணில் இல்லை. விழுந்த இலை மக்கியதும் வேர் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தை மழை கழுவிவிடும். மரத்தை வெட்டிக் காயவைத்து எரித்தால் சாம்பல்தான் உரம். ஜூன் வாக்கில் வெட்டி, ஆகஸ்ட், செப்டம்பரில் எரித்து, கம்பால் குழி குத்தி விதை போடுவார்கள். எரிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கட்டை வேகாது, சாம்பல் குறையும், களை முந்தும், அந்த வருஷம் போச்சு. இரண்டாம் வருஷம் சாம்பலும் இருக்காது, ஆகவே காடு மீளட்டும் என்று பல வருஷம் விட்டுவிடுகிறார்கள். கண்மாய் வண்டலை அள்ளிப் போட நமக்கு வழி இருக்கிறது, மலைச்சரிவில் வண்டல் ஏது?

அட்டைக்கு என்ன செய்வது?
— வாசகர், கண்டனூர்

பிய்க்காதீர்கள், சுடாதீர்கள். வாய்ப்பக்கத்தை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உறையாமல் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் போதும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடக்கலாம்.

மலேரியா ஒழிந்துவிட்டது என்கிறார்களே, கொசுவலை கொடுத்துவிட வேண்டுமா?
— வாசகி, பள்ளத்தூர்

கொடுத்துவிடுங்கள், ஆனால் வலை மட்டும் காப்பாற்றாது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியாவை மலேசியா அடக்கிவிட்டாலும், குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை இருக்கிறது. சரவாக்கின் காபிட் பகுதியில் அது பலருக்கு இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவரை நுண்ணோக்கியில் பார்த்து வேறு வகை என்று நினைத்திருந்தார்கள். மற்ற வகைகள் 48 அல்லது 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும், இது 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது அங்கே கூடாது. காய்ச்சல் கண்ட அன்றே ரத்தப் பரிசோதனை. அந்தக் கொசு பொழுது சாய்ந்த பிறகு காட்டோரத்தில் வெளியே வைத்துக் கடிக்கும். முழுக்கைச் சட்டையும் கொசுக்களிம்பும் வலைக்கு முந்தி வேண்டும்.

அவசரமென்றால் வெளியே வர என்ன வழி?
— வாசகர், கோட்டையூர்

பல ஊர்களுக்கு இன்னும் நீளப்படகுதான். தண்ணீர் வற்றிய வாரத்தில் கல்லில் இறங்கித் தள்ள வேண்டும். ஊரில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே பெய்த மழையில் ஆறு திடீரென ஏறும், மிதக்கும் கட்டைகள் படகை மோதும், இருட்டில் கிளம்பவே கூடாது. சிறிய மோட்டாரில் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற மெல்லிய கம்பி உண்டு. விசிறி கல்லில் இடித்தால் அது முறிந்து மோட்டாரைக் காப்பாற்றும், படகு ஆற்றோடு போகும். உதிரிப் பின் நாலும் ஒரு குறடும் படகில் இருக்கின்றனவா என்று ஏறும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.