இரண்டாவது சரணத்தில் கை கல்லாகிறது: ஹை-ஹேட் வேகத்துக்கு என்ன வழி?

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். ஞாயிறு காலை ஆராதனையில் 105 பிபிஎம் (நிமிடத்துக்கு 105 தாளம்) வேகத்தில் ஒரு பாட்டு. ஹை-ஹேட்டில், அதாவது இடது கால் பெடலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டில், வலது கையாலேயே தாளத்துக்கு நான்கு அடி ஓட்ட வேண்டும். முதல் சரணம் வரை சமாளிக்கிறேன். இரண்டாவது சரணத்தில் முன்கை கல் மாதிரி இறுகி, வேகம் தானாக இறங்கிவிடுகிறது. டிசம்பர் வந்தால் இன்னும் மோசம். இப்போது நடுத்தரக் கனமுள்ள 5ஏ குச்சி வைத்திருக்கிறேன். கனமான குச்சிக்கு மாறினால் சரியாகுமா?"

மாறாதீர்கள். கனமான குச்சி கையை இன்னும் சீக்கிரம் களைக்க வைக்கும். 5ஏ போதும், கோளாறு பிடியில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 105 வேகத்தில் தாளத்துக்கு நான்கு என்றால் நிமிடத்துக்கு 420 அடி, நொடிக்கு 7. நான்கு நிமிடப் பாட்டில் 1680. அத்தனை அடிக்கும் மணிக்கட்டு தனித்தனியாக இறங்கி ஏறினால் கை இறுகாமல் என்ன செய்யும்? கை தேர்ந்தவர்கள் ஒரே அசைவில் இரண்டு அடி எடுக்கிறார்கள். அப்போது மணிக்கட்டுக்கு நிமிடத்துக்கு 210 அசைவுதான், பாதி வேலை.

கை கழுவிவிட்டுத் துண்டு கிடைக்காதபோது தண்ணீரை உதறுவோமே, கிட்டத்தட்ட அந்த அசைவுதான். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்பித்த அமெரிக்க டிரம்ஸ் ஆசிரியர் சான்ஃபோர்ட் மோல்லர் பெயரால் இதை மோல்லர் முறை என்பார்கள். ஹை-ஹேட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்றால், மணிக்கட்டு இறங்கும்போது குச்சியின் நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள தோள்பகுதி தட்டின் விளிம்பில் விழும். அது கனத்த அடி. மணிக்கட்டு எழும்போது குச்சியின் நுனி தானாகத் தாழ்ந்து தட்டின் மேற்பரப்பைத் தட்டும். அது லேசான அடி. வாயால் 'தகதிமி' சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: 'த'வுக்கும் 'தி'க்கும் இறக்கம், 'க'வுக்கும் 'மி'க்கும் ஏற்றம். கனமும் லேசும் மாறிமாறி வருவதால் பாட்டுக்கு ஓர் ஆட்டமும் கிடைக்கும். எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுந்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்கும்.

இதற்குப் பிடி தளர வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைத் தாங்கட்டும். மற்ற மூன்று விரல்கள் பட்டும் படாமலும் இருக்கட்டும். வாசிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் குச்சியை உருவினால் தடையில்லாமல் வந்துவிட வேண்டும், அதுதான் அளவு. முதல் வாரம் குச்சி நழுவத்தான் செய்யும். நான் பழகிய காலத்தில் கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்யாண மெல்லிசைக் கச்சேரியில் குச்சி பறந்துபோய் கீபோர்டு வாசித்தவர் மடியில் விழுந்தது. மனிதர் வலது கையை நிறுத்தாமல் இடது கையால் அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 60இல் வையுங்கள். தினமும் பத்து நிமிடம், கனம்-லேசு தெளிவாகக் கேட்கும்வரை வேகத்தைத் தொடாதீர்கள். அப்புறம் நான்கு நான்காக ஏற்றலாம். 90ஐத் தாண்டும்போது அசைவு தானாகச் சுருங்கும், விரல்களும் கொஞ்சம் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். முன்கை இறுகுகிறது என்று தெரிந்ததுமே நிறுத்தி, எட்டு குறைத்துத் தொடங்குங்கள். களைப்பு வேறு, வலி வேறு. விரல் மரத்துப்போனாலோ முழங்கையில் குத்தினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இடது காலையும் கவனியுங்கள். பதற்றத்தில் பெடலை முழுப் பலத்தோடு மிதிப்பவர்கள் நிறையப் பேர். அந்த இறுக்கம் இடுப்பு, தோள் வழியாகக் கைக்கு வந்து சேரும். தட்டுகள் சேர்ந்திருக்கும் அளவுக்கு மிதித்தால் போதும்.

டிசம்பர் விஷயத்துக்கு வருவோம். பறையடிப்பவர்கள் தீமூட்டித் தோலைக் காய்ச்சிய பிறகுதான் எடுப்பார்கள், ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால். டிரம்ஸுக்கு 1950களிலேயே பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது, நம்ம ஊர்ப் பனி அதை ஒன்றும் செய்யாது. காய்ச்ச வேண்டியது உங்கள் கையைத்தான். குளிரில் தசையும் விரலும் மந்தமாகத்தான் இருக்கும். வெந்நீரில் இரண்டு நிமிடம் கையை வைத்துத் துடைத்துவிட்டு, தலையணை மேல் ஐந்து நிமிடம் மெதுவாக வாசியுங்கள். தலையணை குச்சியைத் திருப்பித் தராது, மணிக்கட்டு சூடேற அது நல்லது. ஆராதனை தொடங்கும்வரை கை ஸ்வெட்டர் பைக்குள் இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு: இரண்டு கையையும் ஹை-ஹேட்டில் வைத்து வலம், இடம் என்று மாற்றி அடிப்பது. இரண்டாம், நான்காம் தாளங்களின் 'த'வில் வலது கை ஸ்னேர் டிரம்முக்கு (கால்களுக்கு நடுவே இருக்கும் சிறிய டிரம்) போய் வரும். அந்த நொடியில் ஹை-ஹேட்டில் ஓர் அடி விட்டுப்போகும், இடது கையால் ஸ்னேரில் சின்னச் சின்ன அடிகளும் போட முடியாது. அதை வைத்து இதைக் குறுக்குவழி என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 110ஐத் தாண்டிய பாட்டுக்கு நானே இப்படித்தான் வாசிக்கிறேன்.

கடைசியாக, உங்கள் தேவாலயம் உயரமான கூரையோடு கல்லில் கட்டிய பழைய கட்டடமா? நீலகிரியில் அப்படிப்பட்டவை நிறைய. அங்கே நொடிக்கு ஏழு அடி விழுந்தால் எதிரொலியில் எல்லாம் கலந்து வெறும் 'ஸ்ஸ்' என்றுதான் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும். நண்பர் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, தாளத்துக்கு நான்கு ஒரு முறை, இரண்டு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் சரணத்தில் இரண்டே போதும். நான்கைப் பல்லவிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.