கல்யாணமாகாத பெண் குடும்ப சிகிச்சை படிக்கலாமா?

அம்மா, உங்கள் மகள் உளவியல் பட்டம் முடித்த கையோடு அமெரிக்காவில் திருமண-குடும்ப சிகிச்சையில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "கல்யாணமே ஆகாதவள் புருஷன் பெண்டாட்டிக்கு என்ன புத்தி சொல்லப் போகிறாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தம்பதியையோ குடும்பத்தையோ ஒன்றாக உட்காரவைத்துச் செய்யும் மனநல சிகிச்சை இது. புத்தி சொல்வது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. ஒரு பயிற்சி அறையை நினைத்துப் பாருங்கள். சுவரில் ஒருவழிக் கண்ணாடி, அதற்குப் பின்னால் இருந்து அறையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரும் சக மாணவர்களும். வந்திருக்கும் குடும்பத்துக்கு அது தெரியும், சம்மதமும் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போக மறுக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி அப்பா பேசிக்கொண்டிருக்கிறார். சிகிச்சை தரப் பழகும் மாணவி அவர் முகத்தையே பார்த்துக் கேட்கிறாள். அறையிலிருக்கும் போன் அடிக்கிறது. "அப்பா குரலை உயர்த்தும்போதெல்லாம் பையன் யாரைப் பார்க்கிறான் என்று கவனி" என்கிறார் ஆசிரியர். அவன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மாவின் கண் கலங்கியதும் வயிறு வலிக்கிறது என்கிறான். சண்டையை அப்படியே விட்டுவிட்டு இருவரும் அவன் பக்கம் திரும்புகிறார்கள். பையன் ஏன் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறான் என்பதற்கு முதல் தடயம் அங்கேதான் கிடைக்கிறது. இதைப் பார்க்கிற கண் கல்யாணம் செய்துகொண்டால் தானாக வந்துவிடாது. யாராவது பக்கத்தில் இருந்து பழக்க வேண்டும்.

இந்தத் துறையே அப்படிப் பார்த்துப் பார்த்து உருவானதுதான். 1954 முதல் மர்ரி போவன் என்ற மனநல மருத்துவர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் நோயாளியோடு அவர் குடும்பத்தையும் வார்டிலேயே தங்கவைத்து ஆராய்ந்தார். சால்வடோர் மினுச்சின் என்ற இன்னொரு மனநல மருத்துவர் ஃபிலடெல்ஃபியாவில், சாப்பிட மறுக்கும் பிள்ளைகளின் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்தார். தட்டுக்கு முன்னால் யார் கெஞ்சுகிறார், யார் அதட்டுகிறார், யார் வாயே திறப்பதில்லை என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இனி நடைமுறை. அமெரிக்காவில் சைக்காலஜிஸ்ட் என்ற உரிமம் வாங்கப் பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். திருமண-குடும்ப சிகிச்சையாளர் உரிமத்துக்கு முதுகலை போதும், 50 மாநிலங்களிலும் இந்த உரிமம் உண்டு. ஆனால் பட்டம் கையில் வந்ததும் உரிமம் வந்துவிடாது. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையில் 3,000 மணி நேரம் பணி, அதுவும் குறைந்தது 104 வாரங்களில் பரவியிருக்க வேண்டும். அதில் 500 மணியாவது தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு கழிந்திருக்க வேண்டும். படிக்கும்போது சேர்த்ததில் அதிகபட்சம் 1,300 மணிதான் கணக்கில் வரும். சட்டம்-நெறிமுறைத் தேர்வு ஒன்று, சிகிச்சைத் தேர்வு ஒன்று என இரண்டு தேர்வுகளும் உண்டு.

இந்த எண்களை உங்கள் மகளிடம் கட்டாயம் காட்டுங்கள். மாணவர் விசாவில் போகிறவருக்குப் படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம். கம்ப்யூட்டர், இன்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கு இருக்கும் 24 மாத நீட்டிப்பு இந்தப் படிப்புக்குக் கிடையாது. படிக்கும்போதே 1,300 மணியையும் முழுசாகச் சேர்த்தவருக்குக்கூட மீதி 1,700 மணியை அந்த ஒரு வருடத்துக்குள் முடிப்பது பெரும்பாடு. கடன் வாங்கிப் போகிற குடும்பத்துக்கு, இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆற்றாமை. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிமம் வரை அங்கேயே இருக்கப் போகிறாளா, பயிற்சியை முடித்துத் திரும்பப் போகிறாளா, மேலே முனைவர் பட்டம் வரை போகப் போகிறாளா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யட்டும். மூன்றுக்கும் மூன்று விதமான பல்கலைக்கழகம் பொருந்தும்.

பல்கலைக்கழகத்தின் பெயரை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் சி.ஓ.ஏ.எம்.எஃப்.டி.இ. என்ற அங்கீகாரக் குழுவின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் படித்தால், ஒரு மாநிலத்தில் செல்லுகிற பட்டத்துக்கு இன்னொரு மாநிலத்தில் கூடுதல் பாடங்கள் கேட்கக்கூடும். பிறகு அவளே படிப்பின் பொறுப்பாளருக்கு எழுதிக் கேட்கட்டும்: பயிற்சிக்கு வரும் குடும்பங்களை நீங்களே ஏற்பாடு செய்கிறீர்களா, மாணவர்களே இடம் தேட வேண்டுமா? மேற்பார்வையாளர் கண்ணாடி வழியாகவோ வீடியோவிலோ என் வேலையைப் பார்ப்பாரா, நான் வந்து சொல்வதை மட்டும் கேட்பாரா? இந்த இரண்டாவது கேள்வி எனக்கு மிக முக்கியம். பையன் அம்மாவைப் பார்த்ததைக் கவனிக்காத மாணவி, வாரக் கடைசியில் போய் அதை எப்படிச் சொல்வாள்? பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

வீட்டு விஷயமெல்லாம் வெளியே போகுமோ என்றும் பயந்திருக்கிறீர்கள். உண்மைதான், தன் குடும்பத்தையே முதலில் வரைந்து பார் என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். ஜீனோகிராம் என்று பெயர். மூன்று தலைமுறை இருக்கும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், ஒத்துப்போகாத இருவருக்கு நடுவே நெளிகோடு, பேச்சே அற்றுப்போனால் வெட்டுப்பட்ட கோடு. பிறர் வீட்டுச் சண்டையில் தன் வீட்டு வலியைக் கலந்துவிடக் கூடாது என்பதற்கான பயிற்சி அது. ஒருநாள் இரவு அவள் போன் செய்து, "அம்மா, பாட்டியும் பெரியம்மாவும் ஏன் பேசிக்கிறதில்லை?" என்று கேட்பாள். மனம் வந்தால் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அதையே சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அவள் அடுத்த வட்டத்துக்குப் போவாள்.