3 ஏக்கர் உளுந்துக்குப் பழைய சீட் ட்ரில் (விதைக்கும் கருவி): வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், உரப்பெட்டியின் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். உரத்தின் உப்பு முதலில் தின்பது அதைத்தான். தகடு மாற்றலாம், ஆனால் உரத்தைத் தள்ளும் தண்டு துருவேறி இறுகியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

முக்கியமானது விதை தள்ளும் பல் உருளை. பல் தேய்ந்தால் ஒரு சாலில் அடர்த்தி, அடுத்ததில் வெறுமை. வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். பெட்டியில் பாதி விதை போட்டு, உருளையைச் சுழற்றும் ஓட்டுச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பை கட்டி 20 சுற்று சுற்றுங்கள். 30 செ.மீ. இடைவெளியில் 7 கொழு, சக்கர விட்டம் 40 செ.மீ. என்றால், அந்த 20 சுற்றில் விதைக்கும் பரப்பு சுமார் 53 சதுர மீட்டர். ஏக்கருக்கு 8 கிலோ விழ வேண்டுமானால், மொத்தம் 105 கிராம், பைக்கு 15 கிராம். ஒரு பை மட்டும் குறைந்தால் குழாய் அடைப்பா என்று முதலில் பாருங்கள். எல்லாமே குறைந்தால் விதை அளவு லீவரை நகர்த்தினால் போதும். வயலில் சக்கரம் வழுக்கும், அதனால் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள்.

கொழு முனை தேய்ந்தது பெரிய செலவில்லை. வளைந்த சட்டம் வேண்டவே வேண்டாம். நிலக்கடலையும் விதைக்கும் எண்ணமிருந்தால் பல் உருளை பருப்பை உடைக்கும். சாய்ந்த தட்டின் குழிகளில் விதையை எடுத்துப் போடும் சாய்தட்டு வகை தேடுங்கள்.