ஜாவா, பாலி பயணம்: மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கேள்வி பதில்

இந்தோனேசியாவுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போகத் திட்டமிடும் நீலகிரி, கொடைக்கானல் அன்பர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ஊட்டியில் காட்டேஜ் நடத்துகிறோம். மே சீசன் முடிந்தால்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம். ஜூன், ஜூலையில் அங்கேயும் மழை கொட்டுமா?

கொட்டாது. ஜாவாவும் பாலியும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால், நமக்குத் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வறண்ட காலம். அவர்களுடைய மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. மே சீசனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இதைவிடத் தோதான நாடு அமைவது அபூர்வம். ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலியர்களும் ஐரோப்பியர்களும் பாலியில் குவிவதால் அறை வாடகை ஏறும். ஜூன் முதல் பாதியோ செப்டம்பரோ உத்தமம்.

இரண்டு சமயங்களைத் தவிருங்கள். ஒன்று, ரம்ஜான் பெருநாளை ஒட்டிய வாரம்: ஜாவாவே சொந்த ஊருக்குக் கிளம்பும், ரயிலில் இடம் இருக்காது. மற்றொன்று பாலியின் ஞெப்பி, சக ஆண்டுக் கணக்குப்படி அவர்களுடைய வருடப் பிறப்பு. பெரும்பாலும் மார்ச்சில் வரும் அந்த ஒரு நாள் முழுக்க விமான நிலையம் உட்பட தீவே அடைத்திருக்கும். விடுதியை விட்டு வெளியே வரக்கூட அனுமதி இல்லை.

டிராவல்ஸில் பாலி மட்டும் ஐந்து நாள் பேக்கேஜ் சொல்கிறார்கள். ஜாவாவையும் சேர்க்க வேண்டுமா? (கோத்தகிரி)

கட்டாயம் சேருங்கள். கோயில் பார்த்து வளர்ந்தவர்கள் பாலி கடற்கரையோடு திரும்பிவிடுவது, மாமல்லபுரம் வரை போய் பீச்சில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருவது மாதிரி. பன்னிரண்டு நாள் இருந்தால் ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் நான்கு இரவு, டியெங் மலையில் ஒன்று, புரோமோ எரிமலைப் பக்கம் இரண்டு, பாலியில் நான்கு. எட்டே நாள் என்றால் டியெங்கையும் புரோமோவையும் விட்டுவிடுங்கள், யோக்யகர்த்தாவை மட்டும் குறைக்காதீர்கள்.

டிக்கெட்டை யோக்யகர்த்தாவில் இறங்கி பாலியின் டென்பசாரில் ஏறுவதுபோல எடுங்கள். போன வழியே திரும்பினால் ஒரு முழு நாள் வீண்.

பிரம்பனான், போரோபுதூர் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? (குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியை)

பார்க்கலாம் அம்மா, ஆனால் இரண்டுமே மனதில் நிற்காது. போரோபுதூர் என்ற பௌத்தக் கோயில் யோக்யகர்த்தா நகரத்துக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர், பிரம்பனான் என்ற இந்துக் கோயில் கிழக்கே 17 கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

போரோபுதூருக்கு இரண்டு வகை டிக்கெட் உண்டு. ஒன்று அடிவாரம் வரை, மற்றொன்று மேலே ஏற. ஏறுவதற்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. நேரம் குறித்து, வழிகாட்டியோடு, அவர்கள் கொடுக்கும் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் கீழேயே நின்றுவிடுகிறார்கள். ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். திங்கட்கிழமை பராமரிப்புக்காக ஏற விடாத வழக்கம் உண்டு, அன்று வேண்டாம். கீழே ஆறு சதுர மாடம், மேலே மூன்று வட்டம், 72 துளையிட்ட தூபிகள், 504 புத்தர் சிலைகள். படி செங்குத்து. முழங்கால் வலி இருந்தால் காலையின் முதல் நேரத்தை எடுங்கள். வெயில் ஏறினால் கல் தகிக்கும்.

பிரம்பனான் நம் கோயில் மாதிரியே படிக்க வேண்டிய இடம். 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம், நடுவிலுள்ள சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். கிழக்குப் படியில் ஏறி, வலம் வந்தபடி கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ராமாயணம் தொடங்குகிறது. அது சிவன் கோயிலில் முடிவதில்லை, பக்கத்துப் பிரம்மா கோயிலில் தொடர்கிறது. இது தெரியாமல் பாதிக் கதையோடு இறங்கிவிடுபவர்கள் அதிகம். சிவன் கோயிலுக்கு நாலு பக்கமும் கருவறை: கிழக்கே சிவன், வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார், தெற்கே யார் தெரியுமா? அகத்தியர். தாடியும் தொந்தியுமாகக் குறுமுனி அப்படியே நிற்கிறார். தெற்கு என்றால் அகத்தியர் என்ற நம் கணக்கு கடல் தாண்டியும் மாறவில்லை. உள்ளே இருட்டு. கையில் ஒரு சின்ன டார்ச் இருந்தால்தான் முகம் தெரியும். மே முதல் அக்டோபர் வரை சில இரவுகளில், கோயில் பின்னணியில் திறந்தவெளியில் ராமாயண நடனம் நடக்கும். அந்த நாளைப் பார்த்து பிரம்பனானை வைத்துக்கொண்டால் ஒரே நடையில் முடியும்.

டியெங் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன விசேஷம்? நாங்கள் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள். (எமரால்டு)

அப்படியானால் நீங்கள்தான் முதலில் போக வேண்டும் அண்ணா. சுமார் 2,000 மீட்டர் உயரம், மலைச்சரிவெல்லாம் உருளைக்கிழங்கு. ஜூலை, ஆகஸ்ட் விடியற்காலையில் புல்மேல் உறைபனி விழுந்து செடி கருகும். நமக்கு டிசம்பர், ஜனவரியில் நடப்பது அங்கே ஆடி மாதத்தில். ஜாவாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய இந்துக் கோயில்கள் இங்கேதான். ஒவ்வொன்றுக்கும் அர்ச்சுனன், பீமன், கடோத்கஜன் என்று பாரதப் பெயர். பீமன் கோயில் கூரையில் வரிசையாகக் கூடுகள், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு முகம். மாமல்லபுரத்து ரதங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

யோக்யகர்த்தாவிலிருந்து காரில் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஸ்வெட்டர், குல்லா அவசியம். இந்தோனேசியா என்றால் வெயில் என்று நினைத்து வெறும் பருத்தியோடு போய் நடுங்காதீர்கள். கந்தக ஊற்றுகள் பக்கம் வேலி போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. 1979இல் இந்த மலையில் வெளியேறிய கரியமில வாயு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அது காற்றைவிடக் கனமானது, மணமில்லாதது, பள்ளத்தில் தேங்கும்.

சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? (குன்னூர்)

முடியும், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். டெம்பே, தாஹு இரண்டும் சோயாவில் செய்தவை, எங்கும் கிடைக்கும். மாட்டிவிடுவது மூன்று. சம்பல் துவையலில் இறால் விழுது சேர்ப்பார்கள், அதன் பெயர் தெராசி. காய்கறியும் கடலைச் சாறுமான காடோகாடோவின் மேல் இறால் அப்பளம் நொறுக்கிப் போடுவார்கள். யோக்யகர்த்தாவின் பிரபலமான பலாக்காய்க் குழம்பு குடெக் பார்க்கச் சைவம்தான், பக்கத்தில் பரிமாறும் கிரெச்செக் மாட்டுத் தோல். 'தன்பா' என்றால் 'இல்லாமல்'. தன்பா தெராசி, தன்பா டாகிங் (இறைச்சி), தன்பா இக்கான் (மீன்), தன்பா கிரெச்செக் என்று எழுதி வைத்துக் காட்டுங்கள். வெறுமனே 'வெஜிடேரியன்' என்றால் கோழி வந்து சேரலாம்.

விசா, பாஸ்போர்ட்? (கொடைக்கானல்)

பாஸ்போர்ட் இந்தோனேசியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரை அலுவலகம், நீலகிரிக்குக் கோவை. இந்தியர்களுக்கு 30 நாள் விசா, கட்டணம் 5 லட்சம் ருபியா. அங்கே இறங்கியும் எடுக்கலாம், முன்கூட்டி ஆன்லைனிலும் எடுக்கலாம். ஆன்லைனில் எடுத்தால் வரிசை மிச்சம். அரசு இணைய முகவரி 'கோ.ஐடி' (go.id) என்று முடியும். அப்படி முடியாத தளங்கள் தரகர்கள், கூடுதலாகப் பிடுங்குவார்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகைப் படிவத்தை நிரப்ப வேண்டும், அது இலவசம். பாலிக்குத் தனியாக ஆளுக்கு 1,50,000 ருபியா சுற்றுலாத் தீர்வை.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: கோவை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று மலிவாகப் பிரித்து எடுத்தால், பெட்டியை வாங்கி மறுபடி போட சிங்கப்பூருக்குள் நுழைய நேரிடலாம். அதற்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். பெட்டி கடைசிவரை போகிற ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

பணம்?

நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 180, 190 ருபியா. பூஜ்யம்தான் குழப்பும்: 2,000 சாம்பல், 20,000 பச்சை, 10,000 ஊதா, 1,00,000 சிவப்பு. நிறத்தைப் பழகிக்கொள்ளுங்கள். அங்குள்ள ஏடிஎம் பலவற்றில் முதலில் பணம் வரும், கார்டு பிறகுதான். பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

உறவினருக்குப் 'பாதிக்' (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் துணி) எடுக்க ஆசை. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? (வெலிங்டன்)

துணியைத் திருப்பிப் பாருங்கள் அக்கா. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதென்றால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கும். அச்சடித்ததென்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். கையால் வரைந்தது 'துலிஸ்', முத்திரை வைத்தது 'சாப்'. துலிஸில் ஒரே பூ இரண்டு இடத்தில் மயிரிழை மாறியிருக்கும், விலையும் பல மடங்கு.

இங்கிருந்து என்ன கொண்டு போகலாம்?

வர்க்கி கொண்டு போங்கள், டப்பாவில் போட்டால் நொறுங்காது. சாக்லேட் உருகும். நீலகிரித் தைலம் தீப்பற்றும் எண்ணெய், பெரிய பாட்டிலைப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே ஜலதோஷத்துக்குக் கடைக்குக் கடை 'காயு பூத்தே' எண்ணெய் கிடைக்கும்; நம் தைலத்தின் நெருங்கிய சொந்தம், வாசனையிலேயே தெரியும்.

பெங்களூரிலிருந்து பாலிக்கு நேர் விமானம். கூடலூரிலிருந்து ராத்திரி கிளம்பினால் போதுமா?

போதாது தம்பி. பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். முந்தைய நாள் மதியமே காட்டைத் தாண்டி மைசூரிலோ பெங்களூரிலோ தங்குங்கள். கோவையில் விமானம் ஏறுகிறவர்களும், விடிகாலை விமானம் என்றால், முதல் நாளே கீழே இறங்கிவிடுங்கள். ஜூலை மழையில் மரம் விழுந்தால் மலைப்பாதை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.